செப்புக்காசில் ஒரு சிற்றுயிர்

காசைப் புரட்டிப் பார்த்தால் ஒரு நாடு எதைப் போற்றுகிறது என்பது தெரியவேண்டும். பெரும்பாலும் தெரிவது மன்னர் தலையே. 1815இல் இலங்கைக்கென வார்க்கப்பட்ட செப்புக்காசில் ஒருபுறம் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரும் மறுபுறம் யானையும் இருந்தனர். யானை பெருவிலங்கு, அதற்கு இடம் கிடைத்ததில் வியப்பில்லை. சிற்றுயிர்களுக்கும் காசில் இடமளித்த நாடு அவுஸ்திரேலியா.

1966 பெப்ரவரி 14ஆம் திகதி அந்நாடு பவுண், சிலிங் கணக்கைக் கைவிட்டுத் தசம முறைக்கு மாறியது. புதிய நாணயங்களுக்குச் சித்திரம் வகுத்த ஸ்டூவர்ட் டெவ்லின், கங்காருவையும் ஈமுவையும் அரச இலச்சினையோடு ஐம்பது சதத்தில் நிறுத்திவிட்டார். ஐந்து சதத்தில் எக்கிட்னா முள் சிலிர்த்து நிற்கிறது. பத்தில் யாழ்ப்பறவை வால் விரிக்கிறது. இருபதில் பிளாட்டிபஸ் நீந்துகிறது. (யாழ் என்றதும் நம் வடபகுதியார் நிமிர்ந்து உட்கார வேண்டாம்; அது கிரேக்கரின் யாழ்.) இரண்டு சதத்திற்குக் கழுத்துச் சவ்வை விரிக்கும் ஓணான். ஒரு சதத்திற்கோ, உள்ளங்கையில் அடங்கி, இறகு போன்ற வாலோடு மரத்துக்கு மரம் மிதந்து செல்லும் ஒரு சிறு விலங்கு. மிகச் சிறிய காசுக்கு மிகச் சிறிய உயிர்! இதனையே நாம் பெரிதும் மெச்சுகிறோம்.

காசில் பொறித்தால் விலங்கு பிழைத்துவிடுமா என்று கேட்பாருளர். நியாயமான கேள்வி. தஸ்மேனியாவின் அரச இலச்சினையை 1917 முதல் வரிப்புலி போன்ற தைலசீன்கள் இரண்டு தாங்கி நிற்கின்றன. அவ்வினத்தில் அறியப்பட்ட கடைசி உயிர் 1936இல் ஹோபார்ட் விலங்குக்காட்சிச்சாலையில் மடிந்தது. ஆனால் இலச்சினை கந்தோர்க் கதவோடு நின்றுவிடும். காசோ மீன் விற்பவள் கையிலும் பள்ளிச் சிறுவன் சட்டைப்பையிலும் புகும். காட்டையே காணாதவனும் அவ்வுயிரை விரலால் தடவி அறிவான். வண்ணம் பூசிப் பேழையில் விற்கும் நினைவு நாணயங்களுக்கு அந்தப் பேறு இல்லை.

ஆதலால் 1992இல் ஒரு சதமும் இரண்டு சதமும் புழக்கத்திலிருந்து நீக்கப்படத் தொடங்கியதை வெறும் கணக்கு விவகாரமாக நாம் கொள்ளவில்லை. விலைவாசி ஏறினால் சிறுகாசு மறைவது இயல்பே. ஆயினும் அதிலிருந்த உயிர்களை வேறொரு காசுக்கு மாற்றியிருக்கலாகாதா? 1984இல் வந்த ஒரு டொலர் நாணயத்தில் ஐந்து கங்காருக்கள் துள்ளுகின்றன. இலச்சினையில் ஏற்கெனவே இடம்பெற்ற விலங்குக்கு மேலும் ஐந்து இடங்கள்! மரத்துக்கு மரம் மிதந்த அந்தச் சிற்றுயிரின் காசுகளோ உருக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டுச் சிட்னி ஒலிம்பிக்கில் மூன்றாமிடத்தார் கழுத்தில் வெண்கலப் பதக்கங்களாகத் தொங்கின.