உபாத்தியாயருக்கு உபாத்தியாயர்

இருபது வருஷங்களுக்கு முன்பு நான் ஆசிரியர் பயிற்சி பெற்றபோது நடந்த வேடிக்கை இது. ‘மாணாக்கரை மையமாகக் கொண்ட போதனை’ என்பது அன்றைய பாடம். பேராசிரியர் மேடைமேல் நின்று, பழுப்பேறிய குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து, “மாணாக்கனைப் பேசவிட வேண்டும், கேள்வி கேட்கவிட வேண்டும்” என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் அத்தனை பேரும் வாய் திறவாமல் எழுதிக்கொண்டோம். ஒருவராவது ஒரு கேள்வி கேட்கவில்லை. பரீட்சையில் அதே வரிகளை எழுதித் தேறியும் விட்டோம்!

சிரிக்க வேண்டிய விஷயந்தான். ஆனால் அதன் பலனை அநுபவித்தவர்கள் ராயபுரத்தில் என்னிடம் படித்த பிள்ளைகள். வகுப்பு நிசப்தமாக இருந்தால் பாடம் நன்றாக நடக்கிறது என்றே பல வருஷம் நம்பியிருந்தேன்.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக்கு ஓர் இளம் ஆசிரியை பயிற்சிக்கு வந்தார். ஏழாம் வகுப்பில் விகிதக் கணக்கு. பாடக் குறிப்பு, வர்ண அட்டை எல்லாம் தயார். ஆனால் பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. கடைசி வரிசையில் ஒரு காசிமேட்டுப் பையன் தூங்கி வழிந்தான். விடியுமுன் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், தாயாருக்குக் கூடை தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறவன். இந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிடுவான் என்று நாங்கள் ஏறக்குறைய முடிவு கட்டியிருந்தோம்.

மறுநாள் அந்த ஆசிரியை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “ஏன் தம்பி, படகு கரைக்கு வந்ததும் பங்கு எப்படிப் பிரிப்பார்கள்?” என்று அவனைக் கேட்டார். பையன் எழுந்தான். டீஸலுக்கு இவ்வளவு, ஐஸுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று முதலில் செலவைக் கழித்தான். மிச்சத்தில் படகுச் சொந்தக்காரர் பங்கு எவ்வளவு, தொழிலாளர் பங்கு எவ்வளவு என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினான். “எங்க மாமா படகில் அப்படியில்லை!” என்று இன்னொருவன் கிளம்பினான். வகுப்பே விவாத சபையாகிவிட்டது.

அன்று மாலை ஆசிரியை கவலையோடு என்னிடம் வந்தார். “ஸார், குறிப்பில் எழுதியபடி நான் நடத்தவில்லையே! கல்லூரியிலிருந்து பார்வையிட வருகிறவர்கள் மார்க்கைக் குறைத்துவிட்டால்?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

இந்தப் போதனா முறை நம் பட்டணத்துக்குப் புதிதன்று. 1939-ஆம் ஆண்டிலேயே மாண்டிஸோரி அம்மையார் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 2003-இல் சென்னை மாநகராட்சி 13 பள்ளிகளில் ‘செயல்வழிக் கற்றலை’த் தொடங்கியது. ஆந்திரத்து ரிஷிவாலியில் கிராமக் குழந்தைகளுக்காக வகுத்த முறை அது. மாநகராட்சி ஆசிரியர்கள் நேரில் போய்ப் பார்த்து, திரும்பி வந்து, பாட அட்டைகளைத் தாங்களே தயாரித்தார்கள். உபாத்தியாயர் பாயில் உட்கார்ந்தார். கரும்பலகை குழந்தையின் கை எட்டும் உயரத்துக்கு இறங்கிற்று. 2007-08-க்குள் அது தமிழ்நாடு முழுவதும் சுமார் 37,000 பள்ளிகளுக்குப் பரவியது. அட்டைகள் எல்லாப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆனால் முதலில் போனவர்களைப் போல் பார்த்து, செய்து, தவறித் திருத்திக்கொள்ளும் அவகாசம் எல்லா உபாத்தியாயர்களுக்கும் கிடைத்திருக்குமா? 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. திட்டத்தின் பெயர் எதுவானாலும் இந்தக் கேள்வி மாறாது.

2014-ஆம் ஆண்டு விதிகள் பி.எட். படிப்பை இரண்டு வருஷமாக்கி, அதில் இருபது வாரங்களைப் பள்ளிக்கூடத்தில் கழிக்கச் செய்தன. நல்ல காரியம். ஆனால் கல்லூரி வகுப்பில் வாய்மூடி எழுதப் பழகியவர், பள்ளிக்கு வந்ததும் பிள்ளைகளை வாய்மூடி எழுதத்தானே பழக்குவார்? நீச்சலைப் பற்றிப் பிரசங்கம் கேட்டவனைக் கடலில் இறக்கிவிடலாமா? பயிற்சிக் கல்லூரியின் வகுப்பே விவாதமாகவும் செய்கையாகவும் நடக்க வேண்டும். பாடக் குறிப்பில் ‘ஆசிரியர் கூறியது’ என்பதற்குப் பக்கத்தில் ‘மாணாக்கர் கேட்டது’ என்றும் ஓர் இடம் வேண்டும். அதற்கும் மார்க் உண்டு என்று ஆக வேண்டும்.

பெற்றோர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. நிரம்பிய நோட்டுப் புத்தகத்தைக் கண்டுதானே நாம் திருப்தி அடைகிறோம்?

அந்த ஆசிரியைக்கு மறுநாள் ஒரு பதில் சொன்னேன்: “நேற்று நடந்ததை அப்படியே குறிப்பில் எழுதுங்கள். மேற்பார்வை ஆசிரியன் என்ற முறையில் அதன் கீழ் நான் கையெழுத்துப் போடுகிறேன்.”

காசிமேட்டுப் பையன் இப்பொழுது எட்டாம் வகுப்பில் இருக்கிறான். இன்னமும் சில நாள் தூங்கத்தான் செய்கிறான்; ஆனால் கணக்கு வகுப்பில் அல்ல.