கோயில் வாசலில் கிளிக்கூண்டை வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை, முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

போன வெள்ளிக்கிழமை காலை 5.45 மணிக்கு நடை திறக்க குருக்கள் ஐயாவும் நானும் போனோம். செருப்பு ரேக்குக்குப் பக்கத்தில் ஒரு கூண்டு. உள்ளே ஒரு பச்சைக்கிளி. நெஞ்சில் இறகே இல்லை, தானே பிடுங்கிப் போட்டிருக்கு. கூண்டு மேலே ஒரு பிளாஸ்டிக் பை, அதில் அரைப் பாக்கெட் சூரியகாந்தி விதை. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "அம்மனுக்குக் காணிக்கை."

இந்த வருஷத்தில் இது மூன்றாவது.

காணிக்கை என்றால் என்ன? நம்மிடம் இருக்கிறதில் நல்லதை எடுத்துக் கொடுப்பது. அழுகின வாழைப்பழத்தை அம்மன் தட்டில் வைப்போமா? வீட்டில் சத்தம் போடுது, கடிக்குது, பராமரிக்க முடியலைன்னு இருட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதற்கு காணிக்கைன்னு பேர் வேற.

சரி, அந்தக் கிளி இப்போ எங்கே? வழக்கம்போல அந்த அக்கா வீட்டில்தான். பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. நம்ம கோயிலில் வெள்ளிக்கிழமை பூ கட்டுறவங்க, உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மூன்று அறை பிளாட்டில் இப்போ 12 கிளிகள். பலர் அவங்களைப் பார்த்து, "உங்களுக்குப் பறவைன்னா ரொம்ப ஆசை போல"ன்னு சிரிக்கிறாங்க. ஆசைப்பட்டு யாரும் இதை ஆரம்பிக்கலை. எப்படி ஆரம்பிச்சதுன்னு எனக்குத் தெரியும். ஏன்னா முதல் கிளியைக் கொண்டுபோய் விட்டவன் நான்தான்.

2019-இல் ஒரு குடும்பம் ஜொகூர் பக்கம் மாற்றலாகிப் போனாங்க. ஒரு காக்கடில் கிளியைக் கோயில் ஆபீஸில் விட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்கு என்ன செய்றதுன்னு தெரியலை. "ரெண்டு நாளைக்கு மட்டும் வச்சிருங்கக்கா, வேற இடம் பார்த்துடறேன்"னு சொன்னேன். நான் வேற இடம் பார்க்கவே இல்லை. அந்தக் காக்கடில் இன்னும் அங்கேதான் இருக்கு.

அதுக்கப்புறம் பக்கத்து வீட்டுக்காரங்க ஒண்ணு கொடுத்தாங்க, "ஒண்ணோட ஒண்ணா இருக்கட்டுமே." 2020 எம்.சி.ஓ. நேரத்தில் வீட்டில் அடைஞ்சு கிடந்தவங்க பொழுதுபோக்குக்கு வாங்கினாங்க. வேலைக்குத் திரும்பினதும் கிளி தனியா கத்துது, அக்கம்பக்கத்தில் சண்டை. அந்த நேரம் அக்காவோட போன் நம்பர் வாட்ஸ்அப்பில் சுத்த ஆரம்பிச்சது. போன் பண்றவங்க எல்லாரும் கடைசியா ஒரே வார்த்தைதான் சொல்வாங்க: "நீங்க எடுக்கலைன்னா ஜன்னலைத் திறந்து விட்டுடுவேன்." இதுக்குப் பேர் உதவி கேட்கிறதா? மிரட்டல்.

அக்கா ஒரு தடவை என்கிட்ட சொன்னாங்க: "தம்பி, முடியாதுன்னு சொல்லத் தெரியாதவங்க வீட்டுக்குத்தான் எல்லாக் கூண்டும் வந்து சேரும்." வீட்டில் கிளிக்காப்பகம் நடத்துறவங்க எப்படி உருவாகிறாங்கன்னு கேட்டால், இதுதான் பதில். நாம கைகழுவுறதால்தான் உருவாகிறாங்க.

அவங்க ஒரு நாள் எப்படின்னு சொல்றேன். காலையில் 12 கிண்ணம் கழுவணும். சாவி, கேரட், மிளகாய், பழம் நறுக்கணும், ஏன்னா விதை மட்டுமே தின்ற கிளிக்கு ஈரலில் கொழுப்பு சேரும், வைட்டமின் ஏ குறையும். வருகிற கிளியில் பாதி விதையைத் தவிர வேற எதுவும் தின்னத் தெரியாம வருது. புதுசா வந்ததைக் குறைந்தது ஒரு மாதம் தனி அறையில் வைக்கணும். கிளியிடமிருந்து மனுஷனுக்கு நுரையீரல் நோய்கூட தொத்தலாம். பறவை பார்க்கிற டாக்டர் எல்லாத் தாமானிலும் இல்லை. ஒரு தடவை போனால் 200, 300 வெள்ளி. போன வருஷம் ஈப்போவில் அண்ணன் மகள் கல்யாணம், அக்கா போகலை. யார் பார்த்துக்குவா?

அங்கே ஒரு ஆப்பிரிக்கக் கிரே இருக்கு. வளர்த்த பெரியவர் இறந்துட்டார். பிள்ளைகள் மூன்று பேர், மூன்று பேருக்கும் வேண்டாம். இந்த வகைக் கிளி நல்லா பார்த்துக்கிட்டா 40, 50 வருஷம்கூட வாழும். வாங்குறப்போ அதை யாரும் யோசிக்கலை. இப்பவும் அந்த வீட்டில் போன் அடிச்சா அது அந்தப் பெரியவர் குரலிலேயே "ஹலோ, யாரு?"ன்னு கேட்கும். அவருக்கு வருஷத் திதி கொடுக்க நம்ம கோயிலுக்குத்தான் பிள்ளைகள் வர்றாங்க. அப்பா குரல் 10 நிமிஷ தூரத்தில் ஒரு கூண்டில் இருக்கு. ஒருத்தரும் போய்ப் பார்த்ததில்லை.

சட்டமும் இருக்கு. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பல கிளி இனங்களை வைத்திருக்க பெர்ஹிலித்தான் லைசென்ஸ் வேண்டும். ஆப்பிரிக்கக் கிரே 2016-இல் சைட்டிஸ் மாநாட்டில் மிகக் கடுமையான பட்டியலுக்குப் போன பறவை. லைசென்ஸ் இல்லாத கிளியை நீங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனால் மாட்டுவது யார்? எடுத்து வைத்தவர். பெரியவர் கிளியின் அனுமதிப் பத்திரத்தைச் சரி செய்ய ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சது பிள்ளைகள் இல்லை, அக்காதான்.

சிலர், "எதுக்கு இவ்வளவு? பறக்க விட்டா புண்ணியம்தானே?" என்கிறார்கள். பிறந்ததிலிருந்து கிண்ணத்தில் தின்ற கிளிக்கு மரத்தில் இரை தேடத் தெரியாது. சிறகு வெட்டின கிளியைக் காக்கா விடாது. தப்பித் தவறிப் பிழைத்தாலும் அது பெரும்பாலும் வெளிநாட்டு இனம். நம்ம நாட்டிலேயே பிறந்த நீண்ட வால் கிளி கூடு வைக்கிற மரப்பொந்துக்கு அது போட்டிக்கு நிற்கும். பசியில் சாக விடுகிறதில் என்ன புண்ணியம்?

இப்போ ஏன் இதை எழுதுகிறேன்? அக்கா வீட்டுக்கு பிளாட் நிர்வாகத்திலிருந்து சத்தம்னு கடிதம் வந்திருக்கு. எண்ணிக்கையைக் குறைக்கணும். இதைக் கேட்டதும் நம்ம நிர்வாகக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது: கோயில் மண்டபத்தில் பெரிய கூண்டு கட்டி எல்லாக் கிளியையும் வைக்கலாம், மீனாட்சி கையில் கிளி இருக்கு, பிள்ளைகளுக்கும் வேடிக்கை, கூட்டமும் வரும். கூண்டுக்கு உபயம் தரவும் ஆள் ரெடி.

நல்ல எண்ணத்தில் சொன்னாங்கன்னு தெரியும். ஆனா நான் எதிர்க்கிறேன். கிளியின் நுரையீரல் ரொம்ப மென்மையானது. சாம்பிராணி, கற்பூரம், எண்ணெய் விளக்குப் புகை நாள் முழுக்க. மேளம், மணி, திருவிழா பட்டாசு. வர்றவங்க எல்லாம் பொங்கல், உப்புப் போட்ட சுண்டல், வடைன்னு கூண்டுக்குள் போடுவாங்க. ராத்திரி நடை சாத்தினப்புறம் பார்க்க ஆளே கிடையாது. எல்லாத்துக்கும் மேலே, கூண்டு கட்டின மறுநாளே வாசலில் இன்னும் 20 கூண்டு வந்து நிற்கும். "கோயில்ல வாங்கிக்கிறாங்களாம்"னு ஊருக்கே தெரிஞ்சிடும்.

மீனாட்சி கையில் கிளி இருக்கு, உண்மை. அதன் காலில் சங்கிலி பார்த்திருக்கீங்களா? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் தினமும் ஒரு கிளி இருக்கு. அது இலைக்கிளி. மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் அலகு, தினம் தினம் புதுசா கையாலே செய்றாங்க. உயிருள்ள கிளி வேணும்னு ஆண்டாள் கேட்கலையே. மரவள்ளி நம்ம ஊரில் வேலியோரமே வளருது. ஆடிப்பூரத்துக்குப் பிள்ளைகளை உட்கார வைத்து இலைக்கிளி செய்யச் சொல்லிக் கொடுங்க. கூண்டைவிட அதுதான் அழகு, அதுதான் பக்தி.

உபயம் தரத் தயாரா இருக்கிறவங்களுக்கும் மற்றவங்களுக்கும் என் வேண்டுகோள் இது.

கூண்டுக்கு வைத்த காசை அக்காவின் டாக்டர் செலவுக்குக் கொடுங்க.

வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், கிண்ணம் கழுவ, காய் நறுக்க நாலு பேர் வேணும். முதல் பேர் என்னுடையது, ஞாயிற்றுக்கிழமை. ஆறு வருஷத்துக்கு முன்னாடியே செய்திருக்கணும்.

தரைவீடும், பொறுமையும், வீட்டில் எல்லாருடைய சம்மதமும் உள்ள குடும்பங்கள் இருந்தால், முறையான லைசென்ஸோடு ஒன்றோ இரண்டோ எடுத்து வளர்க்க முன்வாங்க. முதலில் ஒரு மாதம் போய்ப் பழகுங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க.

பிள்ளை பிறந்தநாளுக்குக் கிளி வாங்காதீங்க. 10 வயசுப் பிள்ளை படிச்சு, வேலைக்குப் போய், கல்யாணம் பண்ணினப்புறமும் அது உயிரோட இருக்கும்.

ஏற்கனவே வாங்கிட்டு முடியலையா? வெட்கப்படாம பகலில் வந்து பேசுங்க. என்ன தின்னும், எத்தனை வயசு, பத்திரம் இருக்கா, எல்லாம் சொல்லுங்க. வழி தேடுவோம். இருட்டில் மட்டும் வைத்துவிட்டுப் போகாதீங்க. அம்மனுக்கு இருட்டிலும் கண் தெரியும்.

வெள்ளிக்கிழமை வந்த கிளி இப்போ கொஞ்சம் கேரட் கடிக்குதாம். அக்கா நேத்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாங்க. பின்னால் 12 கிளியும் கத்துற சத்தத்தில் அவங்க குரல் சரியா கேட்கலை. கடைசி வார்த்தை மட்டும் கேட்டுது: "இதுதான் கடைசி, தம்பி."

ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொல்வாங்க. இந்தத் தடவை அது உண்மையாகணும். அது அவங்க கையில் இல்லை, நம்ம கையில்தான்.

ஓம் சக்தி. ஞாயிற்றுக்கிழமை வர முடிந்தவர்கள் கீழே பெயர் போடுங்கள்.