மழை மில்லிமீட்டரில், ஏரி கன அடியில், நிலம் ஏக்கரில்

மழைக்காலம் வந்துவிட்டால் செம்பரம்பாக்கம் ஏரிச் செய்தி நாள்தோறும் வரும். நீர்மட்ட உயரம் 24 அடிக்கு இத்தனை, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடிக்கு இத்தனை, திறக்கப்படும் உபரி நீர் விநாடிக்கு இத்தனை கன அடி. அதே செய்தியில் பெய்த மழை மட்டும் மில்லிமீட்டரில் இருக்கும். குமணன்சாவடிப் பக்கத்தில் இன்னும் கீரையோ நெல்லோ போடுகிறவருக்கு நிலம் ஏக்கரிலும் சென்ட்டிலும் இருக்கிறது. சிட்டாவைப் பிரித்தால் ஹெக்டேர், ஏர். பக்கத்து நிலத்துக்காரர் மனை போட்டு விற்றால் கிரவுண்டு. ஒரே மண்ணுக்கு இத்தனை கணக்கு!

1958 அக்டோபரில் தொடங்கி மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. படியும் வீசையும் கடையை விட்டுப் போய்விட்டன. வயலை விட்டு ஏக்கர் போகவில்லை. போகப் போவதாகவும் தெரியவில்லை. எனவே விவசாயிதான் மாற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை. கணக்குச் சொல்லுகிறவர்கள் விவசாயியின் அளவில் சொல்ல வேண்டும்.

மழையையே எடுத்துக்கொள்ளலாம். 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 லிட்டர் தண்ணீர். எடையில் 1 கிலோ. ஒரு மணி நேரத்தில் 25 மில்லிமீட்டர் பெய்தால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் அந்த ஒரு மணியில் 25 கிலோ தண்ணீர் விழுந்திருக்கிறது. பழைய ஆங்கில முறையில் இதையே சதுர அடிக்கு மணிக்கு இத்தனை பவுண்டு என்பார்கள். ஒரு அங்குல மழை, சதுர அடிக்கு 5.2 பவுண்டு. இந்தப் பவுண்டுக் கணக்கை மெட்ரிக்குக்கு மாற்ற 4.88-ஆல் பெருக்க வேண்டும், 25.4 கிலோ வரும். இங்கேதான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். பவுண்டைக் கிலோவாக்கி விட்டு, சதுர அடியைச் சதுர மீட்டராக்க மறந்து விடுகிறார்கள். விடை பத்து மடங்குக்கு மேல் குறைந்து நிற்கும்.

சென்ட் கணக்கு இன்னும் எளிது. ஒரு சென்ட் சுமார் 40 சதுர மீட்டர். ஆகவே 1 மில்லிமீட்டர் மழை சென்ட்டுக்கு 40 லிட்டர், ஏக்கருக்கு 4,000 லிட்டருக்குச் சற்று மேல். பழைய கணக்கிலும் ஒரு அழகு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு மணி நேரம் பாய்ந்தால், ஏறக்குறைய ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கும். வாய்க்கால் பாசனம் கண்டவர்களுக்கு இது கைக்கணக்கு.

மோட்டார் வைத்திருப்பவர் ஒரு வாளியால் அளந்து பார்க்கலாம். 10 லிட்டர் வாளி இரண்டு விநாடியில் நிறைந்தால் மணிக்கு 18,000 லிட்டர். இதைத் தெளிப்பு நீராக 25 சென்ட்டில் விட்டால் மணிக்குச் சுமார் 18 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். களிமண் கலந்த வண்டல் மணிக்கு 5 முதல் 10 மில்லிமீட்டர்தான் உறிஞ்சும். மிச்சம் வழிந்து ஓடும். மின்சாரமும் மேல்மண்ணும் அதோடு போகும்.

உரக் கணக்கில் நேரும் தவறு இதைவிடக் கொடியது. பழைய கையேடுகளில் ஏக்கருக்கு 100 பவுண்டு என்றிருந்தால் அது ஹெக்டேருக்கு 112 கிலோ. எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பழகியவர் பெரிதாக ஏமாறுவதில்லை. பவுண்டு போய்க் கிலோ வந்து, ஏக்கர் மட்டும் மனத்தில் நின்றுவிட்டால்தான் ஆபத்து. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து என்று பரிந்துரை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. அப்படியானால் ஹெக்டேருக்கு 261 கிலோ யூரியா. ஏக்கருக்கு 106 கிலோ. சென்ட்டுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஹெக்டேர் கணக்கை ஏக்கரில் கொட்டினால் பயிர் கரும்பச்சையாகத்தான் இருக்கும். பிறகு குலைநோயும் புகையானும் வரும், கதிர் சாயும். பூச்சி மருந்துச் செலவு தனி.

மூட்டைக் கணக்கும் மாறியிருக்கிறது. 2018-ல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாயிற்று. "ஏக்கருக்கு இரண்டு மூட்டை" என்று பழக்கத்தில் போடுகிறவர் 10 கிலோ குறைவாகப் போடுகிறார்.

வெள்ள எச்சரிக்கையிலும் இதே குறைதான். 2015 டிசம்பர் 1-ந்தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. விநாடிக்குச் சுமார் 820 டன் தண்ணீர் என்பது அதன் பொருள். அடையாற்றுக் கரையில் மாடு கட்டியிருந்தவருக்குக் கன அடி என்ன சொல்லும்? தண்ணீர் எந்த ஊரில், எந்த மேட்டுக்கு, எத்தனை மணிக்கு வரும் என்பதல்லவா அவருக்கு வேண்டியது!

வேளாண் துறை துண்டுப் பிரசுரங்களில் ஹெக்டேர் கணக்குக்குப் பக்கத்தில் ஏக்கருக்கும் சென்ட்டுக்கும் உரிய அளவை மூட்டையோடும் கிலோவோடும் அச்சிடுவதற்கு ஒரு வரி போதும். ஏரிச் செய்தியில் கன அடிக்குப் பக்கத்தில் டன்னைச் சேர்க்கவும் ஒரு வரிதான். அதுவரை ஹெக்டேர் எண்ணை 2.47-ஆல் வகுத்தால் ஏக்கர், 247-ஆல் வகுத்தால் சென்ட் என்பதை உரம் வைக்கும் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைத்துக்கொள்ளலாம்.