தேரைக்கு ஒரு ஜாகை

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் கடவுள் படியளப்பான் என்று நாம் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம். இங்கிலாந்தில் வில்லியம் பக்லண்ட் என்ற பாதிரியார், நிலவியல் பேராசிரியரும்கூட, 1825-ல் சோதித்தே பார்த்துவிட்டார். கல்லில் குழி வெட்டி, 24 தேரைகளை அடைத்து, கண்ணாடியால் மூடித் தோட்டத்தில் புதைத்தார். ஒரு வருஷம் கழித்துத் தோண்டினால், காற்றுப் புகாத மணற்கல்லில் இருந்தவை எல்லாம் காலி. காற்று கசியும் சுண்ணாம்புக் கல்லில் சில பெரிய தேரைகள் மட்டும் உயிரோடு இருந்தன. விட்டாரா மனுஷன்? மறுபடி புதைத்தார். அவையும் போய்ச் சேர்ந்தன.

திண்டிவனத்தில் இருக்கும் அக்கா பையனுக்கு இந்தக் கதையைப் போனில் சொன்னேன். மழையில் வீட்டுக்குள் வந்த தேரையை மீன் தொட்டியில் போட்டு, முக்கால் தொட்டி தண்ணீர் ஊற்றி, மேலே கண்ணாடி வைத்து மூடிவிட்டு, "பத்திரமா இருக்கு மாமா" என்றான்.

தேரை தரைவாசி, ஸார். நீச்சல் சுமார்தான். ஏறி உட்கார மேடு இல்லாவிட்டால் மூழ்கியே செத்துப் போகும். தண்ணீரை வாயால் குடிக்காது. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சும். அதனால் குளோரின் வாசனை அடிக்கும் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். அதுவும் ஒரு தட்டில், அரை விரல் ஆழம் போதும். தொட்டியில் நாலு விரல் உயரத்துக்கு ஈர மண், உரம் கலக்காதது. ஒளிந்துகொள்ள ஓர் உடைந்த பானை. மேலே கம்பி வலை. வெயில் படக்கூடாது.

சாப்பாடு? அசைந்தால்தான் அதன் கண்ணுக்கு அது சாப்பாடு. செத்த பூச்சியை எதிரிலேயே வைத்தாலும் சீந்தாது. உயிருள்ள கரப்பான், மண்புழு போடலாம். மருந்தடித்த வீட்டுக் கரப்பான் கூடாது. விழுங்கும்போது கண்ணை உள்ளே இழுத்து, அதாலேயே இரையைத் தொண்டைக்குள் தள்ளும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் புடைப்பில் விஷப்பால் உண்டு.

எல்லாம் தயார். அதற்குள் விழுப்புரத்திலிருந்து ஆயா வந்து இறங்கிவிட்டார்.

"டேய், அந்தச் சனியனைத் தூக்கி வெளிய போடு. பாப்பாவுக்குத் தேரை வுழுந்துடும்!"

பையனின் தங்கைக்கு ஒன்றரை வயசு. ஒல்லி. மெலிந்து, கை கால் சூம்பி, வயிறு உப்பிய குழந்தையைத் 'தேரை விழுந்த பிள்ளை' என்பது நம் ஊர் வழக்கம். காரணம் சத்துக்குறைவு, அடிக்கடி பேதி, வேறு நோய் என்று ஏதாவது இருக்கும். தேரை மட்டும் இல்லை. பாவம், வீண்பழி. தேரையை விரட்டிவிட்டு, பிள்ளை தானே தேறும் என்று காத்திருக்கிறோமே, அந்த மாதங்கள்தான் ஆபத்து.

கடைசியில் சமரசம் ஆனது. பாப்பா எடை பார்க்க அங்கன்வாடிக்கு, அப்படியே டாக்டரிடமும். தேரை கொல்லைக்கு, நிழலில் கவிழ்த்த உடைந்த பானை, பக்கத்தில் தண்ணீர்த் தட்டு. துணி துவைக்கும் சிமெண்ட் தொட்டியில், தவறி விழுந்தால் ஏறி வர ஒரு சாய்வுப் பலகை.

ராத்திரி விளக்கடியில் அது கரப்பான் பிடிப்பதை ஆயா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். "விழுப்புரத்து வூட்டுக்கு ஒண்ணு புடிச்சிக் குடுடா" என்றாராம்.

பிடிக்க வேண்டாம் ஆயா. பானையைக் கவிழ்த்து வையுங்கள். அதுவா வரும்.