தோற்ற இடத்தில் ஒரு கல்

சென்ற கோடையில் இலண்டனிலுள்ள என் தங்கை வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையோரம் சென்றுவருவோம் என்று மைத்துனர் காரை எடுத்தார். தங்கை புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டாள். பன்னிரண்டு வயது மருமகன் வழிகாட்டியாக முன்னாசனத்தில் ஏறிக்கொண்டான். பேட்டில், ஹேஸ்டிங்ஸ், றை ஆகிய மூன்று ஊர்களையும் ஒரே நாளில் பார்ப்பது எங்கள் திட்டம்.

பேட்டில் என்றால் போர் என்பது பொருள். 1066 ஒக்டோபர் 14ஆம் திகதி, இங்கிலாந்தின் மன்னன் ஹரோல்டை நோர்மண்டியின் கோமகன் வில்லியம் வென்ற களம் அது. ஹேஸ்டிங்ஸ் போர் என்று வரலாறு சொன்னாலும், சண்டை நடந்தது அந்நகரிலிருந்து ஏறத்தாழ ஆறு மைல் உள்ளே, இந்த மேட்டில்தான். சிந்திய குருதிக்குப் பரிகாரமாக வென்றவரே அங்கு ஒரு மடாலயத்தை எழுப்பினார். ஹரோல்ட் வீழ்ந்ததாக மரபு கூறும் இடத்தில் அதன் தலைமைப் பலிபீடம் அமைந்தது. எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், 1538இல் மடாலயம் மூடப்பட்டு, அதன் தேவாலயமும் இடிக்கப்பட்டது. பலிபீடம் இருந்த இடத்தை இன்று புல்தரையில் ஒரு கல் குறித்து நிற்கிறது.

அதனருகே நின்று மருமகன் சொன்னான்: "மாமா, இங்கைதான் நாங்கள் தோத்தது."

எனக்குச் சிரிப்பு வந்தது. தாயும் தகப்பனும் யாழ்ப்பாணத்தவர்; பிள்ளையோ ஹரோல்டின் பக்கம் நிற்கிறான். ஆனால் சற்று யோசித்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு தோல்வியை அவனுடைய பள்ளிக்கூடம் மறைக்காமல் கற்பித்திருக்கிறது. அவனும் கூச்சமின்றிச் சொல்கிறான்.

மதியம் ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில் கழிந்தது. மணல் அல்ல, கூழாங்கற்கள். துறைமுகம் இல்லாததால் மீன்பிடிப் படகுகளைக் கரைக்கு இழுத்தே நிறுத்துகிறார்கள். வலைகளை வைக்கக் கட்டிய கறுப்பு மரக்கொட்டில்கள் ஒடுங்கி உயர்ந்து வரிசையாக நிற்கின்றன. கடற்பறவைகள் பறித்துவிடாமல் புட்டைக் காப்பாற்றுவதே பெரும்பாடாகிவிட்டது.

மாலையில் றை. முன்னொரு காலத்தில் துறைமுகம்; கடல் பின்வாங்கி, இப்போது இரண்டு மைல் தள்ளி இருக்கிறது. 1377இல் பிரெஞ்சுப் படையினர் இந்நகரை எரித்தார்கள். கல் பாவிய ஒடுங்கிய தெருக்களில் நடப்பவர்களுக்கு அந்த எரிப்பும் ஊர்ப்பெருமையின் ஒரு பகுதியாகவே சொல்லப்படுகிறது.

திரும்பும் வழியில் மருமகன் கேட்டான்: "மாமா, உங்கட ஊரிலயும் இப்பிடிக் கல் இருக்கா?"

முப்பது ஆண்டுகள் பத்திரிகையில் எழுதிய எனக்கு உடனே பதில் வரவில்லை. கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் போர் வெற்றிச் சின்னங்கள் நிற்பதைச் சொல்வதா? யாழ். பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு இடிக்கப்பட்டு, எதிர்ப்புகளின் பின் அதே ஆண்டில் மீண்டும் எழுப்பப்பட்டதைச் சொல்வதா? இரண்டையும் சொன்னேன். "ஏன் இடிச்சவை?" என்று கேட்டான். தங்கை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வில்லியம் புனிதரல்லர். 1069-70 குளிர்காலத்தில் வட இங்கிலாந்தை எரித்துப் பஞ்சத்தில் தள்ளியவர். அப்படிப்பட்டவரும் பகைவன் வீழ்ந்த இடத்தை அழிக்கத் துணியவில்லை. அந்த இடத்தைப் பேணியதால் இங்கிலாந்து எதையும் இழந்துவிடவுமில்லை. வென்றவரின் சின்னம் மட்டும் நிற்கும் மண்ணில் நல்லிணக்கம் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பதே என் கருத்து. இறந்தவர்களுக்காக அழுவதற்கு ஓர் இடம் கேட்பது பகைமை ஆகாது.

புலம்பெயர்ந்த பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பிள்ளைகளை நல்லூருக்கும் கசூரினாக் கடற்கரைக்கும் கூட்டிச்செல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். நடந்தவற்றையும் நடந்த இடங்களிலேயே நின்று சொல்லுங்கள். பேட்டிலில் 'நாங்கள்' என்ற அதே பிள்ளை, நம் மண்ணைப் பற்றிக் கேட்கையில் 'உங்கட' என்றான். வீடு வந்து சேரும்வரை அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.