வாத்தும் தறியும்

ஆரணி என்றதும் நமது சகோதரிகளுக்குப் பட்டுச் சேலை ஞாபகத்துக்கு வரும். அவர்களுடைய கணவன்மார்களுக்கு அதன் விலை ஞாபகத்துக்கு வரும். வாத்து யாருடைய ஞாபகத்துக்கும் வராது. ஆயினும் நெல் அறுவடை முடிந்ததும் அந்தப் பக்கத்து வயல்களில் வாத்து மந்தைகள் இறங்கி, சிந்திய மணிகளையும் நத்தைகளையும் பொறுக்கித் தின்பது சகஜமான காட்சி. கீரி, சந்நியாசி என்று அவற்றில் இரண்டு வகைகள் உண்டு. மேய்ப்பவர்கள் ஏரி ஏரியாக மந்தையை ஓட்டிச் செல்கிறவர்கள்.

ஏரிகளுக்குத் தூர தேசத்துப் பறவைகளும் வருகின்றன. பறவைக் காய்ச்சல் என்னும் வியாதி அவற்றோடு வரக்கூடும். கோழிகள் கூட்டமாக மடியும். வாத்தோ சில சமயம் நோய்க்குறியே காட்டாமல் கிருமியைச் சுமந்து திரியும். 1997-ல் ஹாங்காங்கில் இந்நோய் 18 பேரைப் பீடித்தது. 6 பேர் இறந்தார்கள். நமது நாட்டில் 2006-ல் மகாராஷ்டிரத்து நவாப்பூரின் கோழிப் பண்ணைகளில் முதன்முதலாகத் தோன்றியது. 2014-லும் 2021-லும் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் ஜில்லாக்களில் வாத்துகளைத் தாக்கியது.

வியாதி உறுதியானால், சுற்றிலும் 1 கிலோமீட்டர் வரையில் உள்ள வளர்ப்புப் பறவைகளை அழிப்பதும், 10 கிலோமீட்டர் வரையில் கண்காணிப்பதும் சர்க்கார் விதி. இப்போது சற்று யோசித்துப் பாருங்கள். காலையில் ஒருவருடைய மந்தையில் பத்து வாத்துகள் செத்துக் கிடக்கின்றன. வெளியே சொன்னால் மிச்சமும் போய்விடும். பேசாமல் அடுத்த ஏரிக்கு ஓட்டிவிட்டால் இன்றையப் பிழைப்பு நடக்கும். அவர் எதைச் செய்வார்? அவரைக் கோபித்துப் பயனில்லை. 2021-ல் கேரள சர்க்கார் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாயும், இளையதற்கு 100 ரூபாயும் நஷ்ட ஈடு அறிவித்தார்கள். அத்தகைய தொகை தவறாமல் கைக்கு வரும் என்ற நம்பிக்கைதான் மேய்ப்பவரின் வாயைத் திறக்கும்.

ஆகவே ஊரார் முதலில் சம்பாதிக்க வேண்டியது அந்த நம்பிக்கையை. யாரிடம் சொல்வது, ஈடு பெற என்ன செய்வது என்பதை நோய் வருமுன்பே ஊராட்சியார் சொல்லி வைக்க வேண்டும். செத்த பறவையை வெறுங்கையால் தொடலாகாது, ஏரியில் எறியலாகாது, மந்தையை நகர்த்தாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். மற்றவர்கள் வீண் பீதி கொள்ள வேண்டாம். முட்டையும் இறைச்சியும் நன்றாக வெந்தால் கிருமி மாண்டுபோகும்.

ஆரணி நெசவாளருக்கு இதை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால், தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்ட பிறகுதான் அவர் மேலே நெய்வார். பார்க்காததுபோல் நெய்துகொண்டே போனால் சேலையே காட்டிக் கொடுத்துவிடும் அல்லவா?