பேனுக்கும் சிரங்குக்கும் அழுக்கா காரணம்?

ஒரு பிள்ளையின் தலையில் பேன் ஓடினாலும் சரி, இன்னொரு பிள்ளை விரலிடுக்கைச் சொறிந்துகொண்டே இருந்தாலும் சரி, அக்கம்பக்கம் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: அந்த வீட்டில் சுத்தம் போதாது. கூடவே, எல்லாம் ஒரே பூச்சிதான், தலையில் இருந்தது உடம்புக்கு இறங்கிவிட்டது, நன்றாகத் தேய்த்துக் குளித்தால் போய்விடும் என்பார்கள். இதை நம்பிப் பெற்றோர் கூனிக் குறுகுகிறார்கள், நோயை மறைக்கிறார்கள், பிள்ளை ராத்திரி தூக்கமில்லாமல் தவிக்கிறது.

முதலில் அழுக்கைப் பார்ப்போம். தலைப்பேனுக்கு வேண்டியது ரத்தமும், பற்றிக்கொள்ளத் தலைமுடியும்தான். தினமும் அலசிய கூந்தலும் அதற்கு ஒன்றுதான், எண்ணெய்ப் பிசுக்கேறிய கூந்தலும் ஒன்றுதான். அது தாவாது, பறக்காது. தலையோடு தலை ஒட்டும்போது நடந்து ஏறும். ஒரே பாயில் படுக்கும் பிள்ளைகளுக்குள் அது பரவுவது அதனால்தான்.

அழுக்கோடு உண்மையில் தொடர்புள்ளது சீலைப்பேன். அது குடியிருப்பது உடம்பில் அல்ல, துணியின் தையல் மடிப்புகளில். பசித்தால் மட்டும் தோலுக்கு வரும். கொள்ளைநோயாக வரும் டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புவது இதுதான். துனிஸ் நகர மருத்துவமனையில் மருத்துவர் சார்லஸ் நிக்கோல் ஒன்றைக் கவனித்தார்: வாசல்வரை மற்றவர்களுக்கு நோயைக் கொடுத்துவந்த நோயாளி, உடுப்பைக் களைந்து குளிக்கவைத்து உள்ளே சேர்த்த பிறகு யாருக்கும் கொடுப்பதில்லை. அந்த உடுப்பில்தான் சூட்சுமம் என்று பிடித்து, 1909இல் குரங்குகளை வைத்துச் சோதித்து நிரூபித்தார். 1928இல் நோபல் பரிசு பெற்றார். இந்தப் பேன் பெருகுவது போர்முனையிலும் சிறையிலும் அகதி முகாமிலும், மாற்றுத்துணி இல்லாதவர்களிடம். அங்கேயும் குற்றம் அவர்களுடையது அல்ல.

எல்லாம் ஒரே பூச்சி என்பதும் தவறு. பேனுக்கு ஆறு கால். தலைப்பேன் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும், கண்ணுக்குத் தெரியும். மறைவிட முடியில் நண்டுபோல் அகன்ற உடம்போடு வாழ்வது வேறொரு பேன். சில சமயம் இமைமுடியிலும் தொற்றும். சிரங்கை உண்டாக்குவதோ பூச்சியினமே அல்ல. எட்டுக் கால் கொண்ட, சிலந்திக்கு உறவான சிற்றுண்ணி. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பெண் உண்ணி, தோலின் மேலடுக்கைக் குடைந்து உள்ளே முட்டையிடும். தலைப்பேன் இறங்கி வந்து இந்த வேலையைச் செய்யாது.

உடம்பெல்லாம் அரித்தாலும் சாதாரணச் சிரங்கில் இருப்பவை பெரும்பாலும் பத்துப் பதினைந்து உண்ணிகள்தான். அவற்றையும் அவற்றின் கழிவையும் உடல் ஒவ்வாமையாக எதிர்ப்பதுதான் அந்த அரிப்பு. முதல் தடவை தொற்றினால் அது தொடங்கவே நாலைந்து வாரம் ஆகலாம். அதற்குள் வீட்டில் மற்றவர்களுக்கும் போயிருக்கும். ராத்திரியில் அதிகமாகும் அரிப்பு, விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் அதே தொல்லை: இவை சேர்ந்தால் சிரங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தோலுக்குள் இருப்பதைச் சோப்பு எட்டாது. முடியில் பசைபோட்டு ஒட்டிய ஈரும் தண்ணீருக்கு அசையாது. ஈரமுடியில் பேன் சீப்பைப் பொறுமையாக இழுக்க வேண்டும். மருந்தும் ஒன்றல்ல. பெர்மெத்ரின் தலைப்பேனுக்கு 1 சதவீதம், சிரங்குக்கு 5 சதவீதம். சிரங்குக்கு அதைக் கழுத்திலிருந்து பாதம்வரை பூசி ராத்திரி முழுக்க விட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி பூசுவது வழக்கம். கைக்குழந்தைக்கு எப்படி என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். அரிக்காதவர்கள் உட்பட வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். என்னைக் கவலைப்படுத்துவது, கடையில் தானாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு. அரிப்பு அடங்கும், தடிப்பின் தோற்றம் மாறும், மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும்; உண்ணி உள்ளே பெருகிக்கொண்டிருக்கும்.

சரியான மருந்து போட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம். மருந்து பலிக்கவில்லை என்று பயந்து தினமும் பூச வேண்டாம். நான்கு வாரம் கடந்தும் புதிய தடிப்புகள் வந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.